விரலுக்குத் தகுந்த வீக்கம்: பெரிய மெஷின் ஒன்றா, சின்ன மெஷின் இரண்டா?

பைபாஸ் ரோடு இருக்கிற எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் அங்கே ஒரு வாட்டர் சர்வீஸ் கடை இருக்கும். ஒரு சிமெண்ட் ரேம்ப், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஷெட்டுக்குள் தடதடவென்று ஓடும் ஒரு பிரஷர் மெஷின், முழங்கால் வரை நனைந்தபடி வேலை பார்க்கும் இரண்டு பையன்கள். காலையில் பைக்குகள் வரும், மதியம் கார்கள், சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வரும் லாரிகள். வியாபாரம் கொஞ்சம் சூடு பிடித்ததும் முதலாளியின் மனதில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். "இந்த மெஷின் பத்தலையே, என்ன பண்ணலாம்?"

இதற்கு இரண்டு பேர் பதில் வைத்திருக்கிறார்கள். மெஷின் விற்பவர் சொல்வார்: "இதைத் தள்ளிவிட்டுட்டு பெருசா ஒண்ணு போட்டுடுங்கண்ணே. ஒரே செலவோட முடிஞ்சிடும்." பக்கத்துத் தெரு மெக்கானிக் சொல்வார்: "பெருசு எதுக்குண்ணே? இதே மாதிரி இன்னொண்ணு வாங்குங்க. ரெண்டையும் ஒரு டீ போட்டுச் சேத்துவிட்டா டபுள் பிரஷர்!"

முதல் ஆள் சொல்வது பெரும்பாலான சின்னக் கடைகளுக்குக் கெட்ட யோசனை. இரண்டாவது ஆள் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் அவர் சொல்லும் காரணம் சுத்தத் தப்பு. நல்ல யோசனைக்குத் தப்பான காரணம் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு மெஷினையும் சேர்த்துப் பார்த்து, பிரஷர் கூடவில்லை என்றதும் "சேர்க்கிறதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, கடைசியில் கடன் வாங்கிப் பெரிய மெஷினையே போடுவார்கள். ஆகவே முதலில் காரணத்தைச் சரி செய்ய வேண்டும்.

பிரஷரைக் கூட்ட முடியாது, தண்ணீரைக் கூட்டலாம்

60 டிகிரி சுடுதண்ணீர் ஒரு குடம் இருக்கிறது. அதோடு 60 டிகிரி சுடுதண்ணீர் இன்னொரு குடம் சேர்த்தால் 120 டிகிரி ஆகிவிடுமா? ஆகாது. இரண்டு குடம் சுடுதண்ணீர் ஆகும், அவ்வளவுதான். பிரஷர் மெஷின் கதையும் இதேதான். 110 பார் மெஷின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஓஸில் சேர்த்தால் 220 பார் கிடைக்காது. அதே 110 பாரில் இரண்டு மடங்கு தண்ணீர் கிடைக்கும்.

ஏன் என்பதற்குப் பம்பின் உள்ளே பார்க்க வேண்டும். சர்வீஸ் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் மூன்று பிளஞ்சர் வைத்த பம்ப். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் பிளஞ்சர்கள் இத்தனை தண்ணீரைத் தள்ளும் என்பது கணக்கு. அந்தப் பம்புக்குத் தெரிந்தது தண்ணீரைத் தள்ளுவது மட்டும்தான். பிரஷர் எங்கிருந்து வருகிறது? நாசிலின் சின்ன ஓட்டையிலிருந்து. தள்ளப்படும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வெளியேற நெருக்கியடிக்கிறதே, அந்த நெருக்கடிக்குப் பெயர்தான் பிரஷர்.

சரி, ஒன்றின் வாயிலிருந்து வரும் தண்ணீரை இன்னொன்றின் வாய்க்குள் விட்டால், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் பிரஷர் கூடாதா என்று கேட்கலாம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் அப்படித்தானே படித்தது? அது சென்ட்ரிஃப்யூகல் பம்புக்கான பாடம். பிளஞ்சர் பம்பின் உறிஞ்சும் பக்கம் தொட்டித் தண்ணீரை வாங்கிக்கொள்ளச் செய்தது. அதற்குள் 110 பாரைத் திணித்தால் சீல் பிய்த்துக்கொண்டு போகும். பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு சிக்கல்தான் பலரை ஏமாற்றுகிறது. இரண்டு மெஷினைச் சேர்த்துவிட்டுப் பழைய நாசிலையே வைத்திருப்பார்கள். ஒரே ஓட்டை வழியாக இரண்டு மடங்கு தண்ணீர் போக வேண்டுமானால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு பிரஷர் வேண்டும். 110 பார் 440 பார் ஆக வேண்டும்! பம்பும் தாங்காது, மோட்டாரும் தாங்காது. அதற்கு முன்பே அன்லோடர் வால்வு திறந்து, அதிகமாக வந்த தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும். இரண்டு மோட்டார் கரண்டு இழுக்கும், கன் முனையில் பழைய தண்ணீர்தான் வரும். "சேர்த்தும் பிரயோஜனம் இல்லை" என்ற பேச்சு பிறப்பது இங்கேதான். நாசில் ஓட்டையின் பரப்பு இரண்டு மடங்காக வேண்டும். விட்டம் என்றால் சுமார் 1.4 மடங்கு. இந்த ஒரு சின்ன உருப்படியை மாற்றாமல் இரண்டு மெஷினையும் குறை சொல்வது, சட்டை பத்தவில்லை என்று தையல்காரரை விட்டுவிட்டு உடம்பைத் திட்டுவது போல.

எத்தனை பார் என்று கேட்பவர்கள், எத்தனை லிட்டர் என்று கேட்பதில்லை

மெஷின் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பார்?" விற்பவருக்கும் அதுதான் வசதி. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அதுவே. ஆனால் வண்டியில் ஒட்டிய சேற்றை உடைப்பது மட்டும்தான் பிரஷரின் வேலை. உடைந்த சேற்றை அடித்துக்கொண்டு போவது தண்ணீரின் வேலை. லாரியின் சேஸிஸ் அடியில் கெட்டிதட்டிப் போன களிமண்ணுக்கு முன்னால், ஊசி மாதிரி பீய்ச்சும் மெஷின் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டிருக்கும். தாராளமாகத் தண்ணீர் தரும் மெஷின் அதைக் கழுவித் தள்ளிவிடும்.

விற்பவர் சொல்வதைச் சோதிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. பாரை நிமிடத்துக்கு வரும் லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் கிலோவாட் கிடைக்கும். 3 எச்.பி. மோட்டார் என்பது 2.2 கிலோவாட். பம்பில் 15 சதவீதம் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 1.87 கிலோவாட். இதில் 110 பார் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர் வரும். 200 பார் வேண்டுமென்றால் ஐந்தரை லிட்டர்தான் வரும். அதாவது "அதே 3 எச்.பி.யில 200 பார் சார்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் பாதித் தண்ணீரை மறைத்து வைத்துவிட்டுப் பேசுகிறார் என்று அர்த்தம்!

இரண்டு சின்னது ஏன் ஜெயிக்கும்?

ஒரு கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். இப்போது இருப்பது 3 எச்.பி., 110 பார், நிமிடத்துக்கு 10 லிட்டர். முதலாளி முன்னால் இரண்டு வழி. பழையதைத் தள்ளிவிட்டு 20 லிட்டர் மெஷின் ஒன்று வாங்குவது. அல்லது பழையதை வைத்துக்கொண்டு அதே போல இன்னொரு 10 லிட்டர் மெஷின் வாங்குவது.

தண்ணீரில் இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பைக்குக்குச் சின்ன மெஷினில் ஆறு நிமிடம் ட்ரிகர் அமுக்கினால் 60 லிட்டர். பெரிய மெஷினில் மூன்று நிமிடத்தில் முடியுமா? முடியாது. பைக்கில் நேரம் பிடிப்பது ஸ்போக்கும் இன்ஜின் இடுக்கும் செயின் பக்கமும். கை சுற்றி வரத்தான் நேரம். ஒரு நிமிடம் மிச்சமாகி ஐந்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும் 100 லிட்டர் போய்விடும். நாளைக்கு 20 பைக் என்றால் 1,200 லிட்டர் எங்கே, 2,000 லிட்டர் எங்கே! 12,000 லிட்டர் டேங்கர் லாரித் தண்ணீர் ஒரு கடைக்குப் பத்து நாள் வரும், இன்னொரு கடைக்கு ஆறே நாள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, சென்னை முழுக்க டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடியது யாருக்கும் மறந்திருக்காது. குடத்துக்கு ஆள் நிற்கும் ஊரில் பைக்குக்கு நாற்பது லிட்டர் கூடுதலாக ஊற்றுவதைத் தொழில் என்று சொல்ல முடியாது.

இரண்டு சின்ன மெஷின் வைத்திருப்பவர் பைக்குக்கு ஒன்றை மட்டும் ஓட்டுவார். இரண்டு பைக் வந்தால் இரண்டு பையன்களும் ஆளுக்கொரு கன்னைப் பிடிப்பார்கள். பெரிய மெஷின் கடையில் ஒரு பையன் அடிக்க, இன்னொரு பையன் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். சாயங்காலம் லாரி வந்தால் மட்டும் இரண்டையும் சேர்த்து 20 லிட்டராக்கிக்கொள்ளலாம். ஒரு மெஷின் விலையைக் கூடுதலாகப் போட்டு மூன்று விதமான கடை நடத்துகிறார் அவர்.

அடுத்தது ரிப்பேர். இங்கேதான் உண்மையான வயிற்றுப்பாடு இருக்கிறது. ஒரு மெஷின் இருபது நாளில் ஒரு நாள் படுத்துக்கொள்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய மெஷின் ஒன்று மட்டும் இருந்தால் இருபது நாளில் ஒரு நாள் கடை மூடல். இரண்டு மெஷின் இருந்தால் இரண்டும் ஒரே நாளில் படுப்பதற்கு வாய்ப்பு நானூறில் ஒன்று. ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது: ரிப்பேர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகத்தான் செய்யும். ஏதாவது ஒன்று படுத்திருக்கும் நாட்கள் அதிகம். ஆனால் பாதி வேகத்தில் ஓடும் கடை வேறு, பூட்டிய கடை வேறு. கடை பூட்டினால் பையன்களுக்கு அன்றைய கூலி கிடையாது. கடன் தவணைத் தேதி மட்டும் ரிப்பேர் பார்த்து நிற்காது.

கரண்டு விஷயமும் உண்டு. 3 எச்.பி. வரை சிங்கிள் பேஸில் ஓட்டிவிடலாம். அதன் இரண்டு மடங்கு என்றால் த்ரீ பேஸ் இணைப்பு, தடித்த கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாம் வேண்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வழக்கமான கரண்டைவிடப் பல மடங்கு இழுக்கும். பெரிய மோட்டார் ஒரேயடியாக இழுப்பதும், சின்ன மோட்டார் இரண்டு ஒன்று ஓடிய பிறகு இன்னொன்று என்று இழுப்பதும் லைனுக்கு ஒன்றல்ல. ஆனால் இரண்டு மெஷினையும் சேர்த்த லோடுக்கு மின் வாரியத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும். பிளக் இரண்டு என்பதால் சட்டம் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்ளாது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்கும் பையனுக்காக நல்ல எர்த்தும் ஈ.எல்.சி.பி.யும் கட்டாயம். இது ஒரு மெஷின் கடைக்கும் பொருந்தும்.

பெரிய இடங்களில் என்ன செய்கிறார்கள்?

"இதெல்லாம் வசதி இல்லாதவன் செய்கிற ஒட்டுப்போடுற வேலை" என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் பெரிய இடங்களைப் பார்க்க வேண்டும். 210 மெகாவாட் அனல் மின் அலகுகளில் கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ள முழு அளவு பம்ப் ஒன்றை வைப்பது வழக்கம் இல்லை. பாதி அளவு பம்ப் மூன்று இருக்கும். இரண்டு ஓடும், ஒன்று காத்திருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பூஸ்டர் பம்புகள் இரண்டு மூன்றாக வரிசையில் நிற்பதும் இதற்காகத்தான். ராத்திரியில் ஒரு குழாய் திறந்தால் ஒன்று மட்டும் ஓடும், காலையில் எல்லாரும் குளிக்கும்போது மற்றவை சேர்ந்துகொள்ளும். பீகாரின் மதேபுராவில் தயாராகும் டபிள்யூ.ஏ.ஜி.-12 சரக்கு ரயில் இன்ஜின் 12,000 குதிரைத்திறன் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதுவும் இரண்டு பகுதிகளைச் சேர்த்துச் செய்ததுதான். மின் நிலையத்துக்கும் ரயிலுக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. வாட்டர் சர்வீஸ் கடைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

சேர்ப்பதென்றால் ஒழுங்காகச் சேர்க்க வேண்டும்

மெக்கானிக் அண்ணன் சொன்ன "ஒரு டீ" விஷயத்தில் கவனம் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரணத் தண்ணீர்க் குழாய் டீயை 110 பாரில் போட்டால் அது டீ அல்ல, வெடிகுண்டு. டீயும் கப்ளிங்கும் ஓஸும் அந்தப் பிரஷருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி அன்லோடர் இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே பிரஷருக்கு செட் செய்ய வேண்டும். ஒன்று குறைவாக இருந்தால் அது முதலில் திறந்துகொண்டு தன் தண்ணீரைத் தொட்டிக்கு அனுப்பிவிடும், மற்றது மட்டும் தனியாக உழைக்கும். ஒவ்வொரு லைனிலும் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு வேண்டும். ஒரு மெஷின் நிற்கும்போது மற்றதன் தண்ணீர் இதற்குள் புகுந்து வெளியேறாமல் அதுதான் தடுக்கும். இரண்டு மெஷினும் பிரஷரில் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். 150 பாரையும் 90 பாரையும் ஜோடி சேர்த்தால் 90 பாருக்கு மேல் ஓட்ட முடியாது.

தொட்டியிலிருந்து இரண்டு மெஷினுக்கும் தனித்தனி உறிஞ்சு குழாய் இருந்தால் நல்லது. ஒரே ஒல்லிக் குழாயில் இரண்டு பம்பும் உறிஞ்சினால் தண்ணீர் பத்தாமல் காற்றும் குமிழுமாகப் போய்ப் பம்பின் உள்பாகங்களை அரித்துவிடும். வெளியே போகும் ஓஸும் தடிமனாக வேண்டும். அதே ஓஸில் இரண்டு மடங்கு தண்ணீர் விட்டால் உராய்வில் போகும் பிரஷர் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். கன் பிடிக்கும் பையனிடமும் சொல்லிவிட வேண்டும். 10 லிட்டரில் கையைப் பின்னால் தள்ளும் விசை சுமார் இரண்டரை கிலோ, 20 லிட்டரில் ஐந்து கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு கையில் தூக்கி நாள் முழுக்க நிற்கிற கணக்கு அது. லாரிக்கு மட்டும் சேர்ப்போம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வாங்கும் சின்ன பிளாஸ்டிக் உடம்பு மெஷின்களை, ட்ரிகரை விட்டதும் மோட்டாரே நின்றுவிடும் வகையை, இப்படிச் சேர்க்க முயற்சிக்க வேண்டாம். அவை ஞாயிற்றுக்கிழமை கார் கழுவச் செய்தவை. நாள் முழுக்க ஓடும் கடைக்கும் சரி, ஜோடி சேர்ப்பதற்கும் சரி, அவை உதவாது.

இத்தனை வேலை இருக்கிறதே, பேசாமல் பெரியதே வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். இந்த வேலையெல்லாம் ஒரு நாள் வேலை. டீயும் வால்வும் நாசிலும் ஒரு தடவைச் செலவு. அதுவும் லாரி வருகிற கடைக்கு மட்டும். பைக்கும் காரும் மட்டும் வரும் கடையில் சேர்க்கவே தேவையில்லை, இரண்டு மெஷினும் தனித்தனியாகவே ஓடலாம்.

பெரியது எங்கே சரி?

பெரிய மெஷினே கூடாது என்று சொல்வது இன்னொரு மூடத்தனம். சுவரிலிருந்து பழைய பெயின்டை உரிக்க வேண்டும், இரும்பில் துருவை அடிக்க வேண்டும் என்றால் பிரஷரே அதிகம் வேண்டும். 110 பார் மெஷின் பத்தைச் சேர்த்தாலும் அந்தப் பிரஷர் வராது. பஸ் டிப்போ மாதிரி காலை முதல் ராத்திரி வரை பெரிய வண்டிகள் மட்டுமே வரும் இடத்தில், த்ரீ பேஸ் ஏற்கெனவே இருக்கிற இடத்தில், பெரிய மெஷின் சரிதான். அங்கேகூட ஒன்றுக்குப் பதில் இரண்டாக வைப்பதே புத்திசாலித்தனம். பாதாளச் சாக்கடை அடைப்பை எடுக்கும் ஜெட்டிங் லாரிக்குப் பெரிய பம்ப்தான் வேண்டும். மனிதரைக் குழிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் உயிர்கள் போய்க்கொண்டிருக்கும் நாட்டில், அந்தப் பெரிய மெஷினை வாங்கக் கணக்குப் பார்க்கும் நகராட்சிகளைத்தான் திட்ட வேண்டும்.

ஆனால் பைபாஸ் ஓரத்துச் சின்னக் கடை டிப்போவும் அல்ல, நகராட்சியும் அல்ல. அங்கே பெரிய மெஷின் வருவது தேவையால் அல்ல, பேச்சால். பெரிய மெஷின் போட்டால் பெரிய முதலாளி ஆகிவிடலாம் என்ற நினைப்பால். பழைய மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடன் வாங்கி, யானையைக் கட்டித் தீனி போடுகிற மாதிரி அதற்குக் கரண்டும் தண்ணீரும் ஊற்றி, ஒரு சீல் போனால் வெளியூரிலிருந்து பார்சல் வரும்வரை ரேம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் முன்னேற்றமா?

அடுத்த தடவை யாராவது "பெருசா ஒண்ணு போட்டுடுங்க" என்று சொன்னால் அந்தக் கடைக்காரர் மூன்றே மூன்று கேள்வி கேட்டால் போதும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? ஒரு பைக்குக்கு எத்தனை லிட்டர் போகும்? அது படுத்துக்கொண்டால் அன்றைக்கு என் பையன்களுக்குக் கூலி யார் தருவது?

மூன்றாவது கேள்விக்கு விற்பவரிடம் பதில் இருக்காது. ஷெட்டுக்குள் நிற்கும் இரண்டாவது மெஷினிடம் இருக்கும்.